முகாமுக்கு ஏற்றிய விளக்கு

சீன லைட்டர் வந்து குவிந்ததில் எங்கள் ஊர்த் தீப்பெட்டி ஆபீஸை இழுத்து மூடிவிட்டார்கள். வேலை போனவர்களுக்கு நிவாரண முகாம் என்று அதிகாரி ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டே வந்தார்.

"ம்ஹ்ம்! இறக்குமதியால்தான் வேலை போனது என்பதற்குக் கண்கண்ட சாட்சி உண்டா? இல்லையென்றால் யாருக்கும் உதவித்தொகை கிடையாது!"

மூடிய ஆபீஸில் தீப்பெட்டி ஒட்டும் வேலை பார்த்த பேச்சிக்கனி அக்கா கும்பிட்டாள். "சாட்சி இருக்கு சார். மொதல்ல குத்துவிளக்க ஏத்தி முகாமத் தொடங்கி வைங்க."

மாலையும் கழுத்துமாக எழுந்தவர், சட்டைப்பையிலிருந்து சீன லைட்டரை எடுத்து 'டிக்'கென்று ஏற்றினார்.

"எல்லாரும் பாத்துக்கிட்டீங்களா? சாரே தீப்பெட்டி வாங்கறதில்ல! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

பந்தலே சிரித்தது. அதிகாரி குனிந்து விளக்கை வாயால் ஊதி அணைத்தார்.

"ம்ஹ்ம்! முகாம் இன்னும் தொடங்கவே இல்லை."