வேர்க்காத சவாரி

உப்பாற்றூர் சமஸ்தானத்து ராஜா விசயரங்கருக்குச் சீமையிலிருந்து ஒரு சைக்கிள் வந்து இறங்கியது. அன்றைக்குப் பிடித்தது ஊருக்குச் சனி. கடலோர ஊர், சித்திரை மாதம். சும்மா உட்கார்ந்திருந்தாலே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும் புழுக்கம். ராஜா மட்டும் வேர்க்காமல் சைக்கிள் விட்டார். விடமாட்டாரா பின்னே? ஒருவன் குடை பிடித்துக்கொண்டு ஓடினான். இரண்டு பேர் விசிறிக்கொண்டே ஓடினார்கள். அந்த மூவருக்கும் வேர்த்து ஊற்றியதை ராஜா கவனிக்கவில்லை.

"மிதித்தால் காற்று வருகிறது. காற்று வந்தால் எப்படி ஐயா வேர்க்கும்? வேர்க்கிறது என்பவன் சோம்பேறி!" என்று சபையில் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

சபை முழுக்கத் தலையாட்டியது. ஆஸ்தானப் புலவர் தோணியப்பர் மட்டும் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். திவான் பட்டாபிராமனுக்கு அது போதாதா? புலவர் ஆசனத்தைத் தன் மைத்துனனுக்கு வாங்கித் தர மூன்று வருஷமாகத் தவம் கிடப்பவர் அவர்.

"மகாராஜா, நாளை உச்சிவெயிலில் புலவர் கடற்கரையிலிருந்து அரண்மனை வரை மிதித்துக் காட்டட்டுமே. உடம்பில் ஒரு துளி வேர்வை இருந்தாலும் ஆசனத்தைக் காலி செய்யட்டும். சோதனையை நானே பார்த்துக்கொள்கிறேன்."

"பேஷ்!" என்றார் ராஜா.

தோணியப்பருக்கு வீட்டில் ஐந்து பிள்ளைகள். பாட்டுக் கட்டுவதைத் தவிர வேறு பிழைப்பும் தெரியாது. சைக்கிள் விட ராஜாவோடு சேர்ந்தே பழகியவர்தான். வேர்க்காமல் இருக்க அவரை யார் பழக்கினார்கள்?

மறுநாள் பாதி வழியிலேயே அவருக்கு வேர்வை ஆறாக ஓடியது. அல்லிக்குளம் கண்ணில் பட்டது. சைக்கிளைக் கரையில் சாய்த்தார். வேட்டி, சட்டை, தலைப்பாகையோடு தொபுக்கடீரென்று குதித்தார். பிறகு ஈரத்துணியில் காற்றுப் பட, ஜிலுஜிலுவென்று மிதித்து அரண்மனை வந்து சேர்ந்தார்.

திவான் துள்ளினார். "பாருங்கள் மகாராஜா! தலை முதல் கால் வரை வேர்வை!"

"குளத்துத் தண்ணீர் ஓய்," என்றார் தோணியப்பர்.

"வேர்வை!"

"தண்ணீர்!"

ராஜா குழம்பினார். "இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கிறது? எப்படிக் கண்டுபிடிப்பது?"

தோணியப்பர் பணிவாகக் கையை நீட்டினார். "ரொம்பச் சுலபம், மகாராஜா. வேர்வையானால் உப்புக் கரிக்கும். சோதனை திவான் பொறுப்பு. நக்கிப் பார்த்துச் சொல்லட்டும்."

"ம், பாரும்," என்றார் ராஜா.

திவான் குனிந்தார். அந்தக் கையில் பாசி ஒட்டியிருந்தது. விருட்டென்று நிமிர்ந்தார். "தண்ணீர்தான் மகாராஜா! சத்தியமாகக் குளத்துத் தண்ணீர்தான்!"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிப் புலவர் கழுத்தில் போட்டார்.

தோணியப்பர் திவான் பக்கம் திரும்பினார். "அவசரப்பட்டுச் சொல்லிவிட்டீரே ஓய். இன்னும் அக்குள் பாக்கி இருக்கிறதே!"