உலகம்மையின் கையெழுத்து

சிற்றாற்றங்கரையில் ஒரு சின்ன மடம். அதன் குரு ஒரு பெண்மணி. வடிவம்மை என்று பெயர், எல்லாருக்கும் அம்மை. அவருடைய சீடர்களில் ஒருவர் சிவனணைந்தான். குருவைவிடப் பதினாறு வயது பெரியவர். ஞானத்தில் இளையவர்தான், முழங்கால் வலியில் மூத்தவர். மனைவி தவறிவிட்டாள், பிள்ளைகள் இல்லை. மடத்துக்கு வந்து மூன்று வருஷமாகிறது.

ஒருநாள் காலைப் பூசை முடிந்ததும் ஒரு துணிப்பையோடு வந்து அம்மை முன்னால் உட்கார்ந்தார்.

“அம்மா, எங்கப்பா விட்டுட்டுப் போன வீடும் தோப்பும் எம்பேர்ல இருக்கு. மடத்துக்குத் தானமா எழுதிடலாம்னு இருக்கேன். அதையும் எழுதிட்டா காவி கட்டிக்கிடலாம்லா?”

“இப்ப என்ன அவசரம்?”

“எல்லாத்தையும் விட்டுட்டு வந்தும் மனசு அடங்க மாட்டேங்கு. அந்தச் சொத்துதான் காலைப் பிடிச்சு இழுக்குன்னு தோணுது.”

அம்மை கையை நீட்டினார். “பத்திரத்தைக் காட்டுங்க அண்ணாச்சி.”

புதிதாக எழுதி வந்த தானப் பத்திரத்தைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அம்மை அதைத் தள்ளி வைத்தார்.

“இது இல்ல. சொத்து உங்களுக்கு எப்படி வந்துச்சோ, அந்தப் பத்திரம்.”

சிவனணைந்தான் தயங்கித் தயங்கித்தான் அதை எடுத்தார். அவருடைய அப்பா உயில் எழுதாமலே போனவர். உயில் என்று பேச்செடுத்தாலே, ‘என்னைத் தூக்க நாள் பாக்கியளா?’ என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்துவிடுவார். அதனால் சொத்து மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. தங்கச்சி உலகம்மை தன் பாதி தனக்கு வேண்டாமென்று அண்ணனுக்கு எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம்தான் இப்போது அம்மையின் கையில் இருந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தையது.

அம்மை வாய்விட்டு வாசித்தார். “‘எவருடைய தூண்டுதலும் இன்றி, என் முழு மனதுடன்...’ இதச் சொன்னது உலகம்மையா?”

“பத்திரம் எழுதுறவர் வழக்கமாப் போடுறதும்மா.”

“அவ என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல. கையெழுத்து எங்க போடணும்னு மட்டும் கேட்டா.”

“நீங்க அவகிட்ட என்ன சொன்னீக?”

சிவனணைந்தான் தரையைப் பார்த்தார். மூன்று வருஷத்தில் அம்மையிடம் எத்தனையோ சொல்லி அழுதிருக்கிறார். இதை மட்டும் சொன்னதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“ரெண்டு பேர் பேர்லயும் வந்தா சர்க்காருக்கு வாரிசு வரி கட்டியே சொத்து கரைஞ்சுரும்னு சொன்னேன். பேருக்குக் கையெழுத்துப் போடு, உம்பங்கைப் பிறகு தாரேன்னு சொன்னேன்.”

“அப்படி ஒரு வரி உண்டா?”

“கிடையாதும்மா.”

“பங்கு?”

“குடுக்கல. கேட்டுருவாளோன்னு பயந்து அவ வீட்டுப் பக்கமே போகல. அவ மக கல்யாணத்துக்கும் போகல. அந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன்னு நான் ஒருத்தன்தான்.”

அம்மை பத்திரத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்தார். “போய் அவகிட்ட இதச் சொல்லிட்டு வாங்க.”

மறுநாளே புறப்பட்டார். புளியங்குடியில் வீட்டைக் கண்டுபிடிக்க மூன்று பேரிடம் விசாரிக்க வேண்டியிருந்தது. கூடப்பிறந்தவள் வீட்டுக்கு ஊராரிடம் வழி கேட்கும்படி ஆகிவிட்டதே என்று இருந்தது. உலகம்மைக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. யாரோ என்று ஒரு கணம் பார்த்தாள். அடையாளம் தெரிந்ததும், போன வாரம் வந்து போனவரை அழைப்பது போல, “வாண்ணே” என்றாள்.

உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவள் முந்தானையால் நாற்காலியைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்ணே. அப்படி வரியே கிடையாதுன்னு எங்க வீட்டுல அவுக அடிச்சுச் சொன்னாக.”

“தெரிஞ்சுமா போட்டே?”

“போடலேன்னா நீ எங்கூடப் பேச மாட்டியோன்னு பயம்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். “போட்ட பொறகும் நீ பேசலையே.”

சிவனணைந்தான் அவளுடைய பாதியை அவள் பேருக்கே எழுதித் தருவதாக, திக்கித் திணறிச் சொன்னார்.

“இனிமே எனக்கு எதுக்குண்ணே அது? மக கல்யாணத்துல மாமன் மாலை போட ஆளில்லாம, மேலவீட்டுக்காரரைக் கூப்பிட்டு நிறுத்தினோம். அன்னைக்கு நீ வந்திருக்கலாம்.” சமையலறைப் பக்கம் திரும்பினாள். “சரி, அது போச்சு. கையைக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்.”

அவள் போட்டதையெல்லாம் மறுக்காமல் சாப்பிட்டார். பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்து வழியனுப்பி வைத்தாள்.

மடத்துக்குத் திரும்பியவர் நேரே அம்மையிடம் போனார்.

“சொல்லிட்டேம்மா. பங்கு வேண்டாம்னுட்டா. பஸ்ஸு கிளம்புற வரைக்கும் சிரிச்ச முகமாத்தான் நின்னா. அவ மனசுல ஒண்ணும் இல்ல. இனி மடத்துக்கு எழுதிடலாம்லா?”

சொல்லும்போதே குரல் கெஞ்சியது. ஆமாம் என்று அம்மை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

அம்மை தானப் பத்திரத்தை எடுத்து அவர் பக்கமாக நகர்த்தினார்.

“மடத்துக்கு வேண்டாம் அண்ணாச்சி.”

“ஏம்மா? அவதான் சிரிச்சுக்கிட்டே...”

“நானும் எங்க அண்ணனுக்குச் சிரிச்சுக்கிட்டேதான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். எங்க வீட்டுக்காரர் போன பிறகு, போய் நிக்க எனக்கு ஒரு வாசல் இல்ல. அதான் இங்க வந்தேன்.”