வாய் திறக்காத உப்பு வியாபாரி

மருங்காபுரிக் கோட்டை வாசலில் கழுதைகளோடு வந்து நின்றான் உப்பு வியாபாரி மாடக்கண்ணு. வந்து நின்றதுதான் அவன் செய்த தப்பு. காவல் தலைவன் வெட்டும்பெருமாள் அவன் கையைப் பிடித்துக் கட்டிவிட்டான்.

"எதுக்குச் சாமி கட்டுறீங்க?"

"உனக்கே தெரியும்டா."

"தெரியலியே சாமி! ராத்திரி கோட்டைக்கு வெளியே யானைக் கொட்டடிப் பக்கம் படுத்திருந்தேன், அவ்வளவுதான்."

"கொட்டடிப் பக்கமா? அடேய், ஒத்துக்கிட்டான்!"

மாடக்கண்ணு திகைத்துப்போனான். எதைச் சொன்னாலும் அதையே கயிறாகத் திரிக்கிறானே இந்த ஆள்! அதற்குப் பிறகு அவன் வாயே திறக்கவில்லை. அடித்தும் பார்த்தார்கள். ம்ஹூம்.

பட்டத்து யானையின் வெள்ளி மணி காணாமல் போன விஷயமே சபைக்கு இழுத்து வந்தபிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. குற்றம் உறுதியானால் கழுதைகள் அரண்மனைக்குப் போகும், அவன் நாட்டை விட்டே போக வேண்டும்.

"பேசடா" என்றார் ராஜா.

மாடக்கண்ணு வெட்டும்பெருமாளைப் பார்த்தான். உதட்டை இறுக்கிக்கொண்டான்.

"பார்த்தீர்களா மகாராஜா!" வெட்டும்பெருமாள் மீசையை முறுக்கினான். "மௌனம் சம்மதம். குற்றமில்லாதவன் ஏன் வாயை மூடுகிறான்?"

ராஜாவும் தலையாட்டிவிட்டார். மாடக்கண்ணு மனசுக்குள் புலம்பினான். போச்சு, கழுதைகளும் போச்சு!

ராஜா தீர்ப்புச் சொல்லும் முன் வெற்றிலை போடுவார். அவர் மெல்லும்போது சபையில் யாரும் பேசக்கூடாது. பேசினால் நூறு கசையடி. அவர் வெற்றிலைச் சுருளைக் கையில் எடுத்தார். சபையின் விகடகவி கூத்தனார் சட்டென்று எழுந்தார்.

"வெட்டும்பெருமாளே, யானை மணியைத் திருடினது நீர்தானே?"

சுருள் ராஜாவின் வாய்க்குள் போய்விட்டது.

வெட்டும்பெருமாளுக்குக் கண் பிதுங்கியது. கையை ஆட்டினான். தலையை ஆட்டினான். குதித்தான். ஒரு சொல் வரவில்லை. ராஜாவோ நிதானமாக, ரசித்து ரசித்து மென்றார். மாடக்கண்ணுவுக்கு அடிபட்ட முதுகு வலித்தது, ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ராஜா துப்பியதுதான் தாமதம், "மகாராஜா, இவர் வாயை மூடிக்கொண்டு இருந்தார். மௌனம் சம்மதம். கட்டச் சொல்லுங்கள்!" என்றார் கூத்தனார்.

"ஐயையோ!" அலறினான் வெட்டும்பெருமாள். "பேசினால் அடி விழும் என்றுதானே பேசாமல் இருந்தேன்!"

"உப்புக்காரனும் பேசினால் வினை வரும் என்றுதானய்யா பேசாமல் இருக்கிறான்!"

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றிக் கூத்தனாரின் கழுத்தில் போட்டார். பிறகு காவல் தலைவன் பக்கம் திரும்பினார்.

"சரி, பேசாதது குற்றமில்லை. நீ சொல். இவனை எந்தக் காரணத்துக்காகக் கட்டினாய்?"

வெட்டும்பெருமாள் விழித்தான். தரையைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். சபையே காத்திருந்தது.

"சொல்லப்பா" என்றார் ராஜா. "இப்போது என் வாயில் வெற்றிலை இல்லையே!"