வெண்டைக்காயின் நுனி

அந்தக் காலத்தில் காய்கறிகளுக்கு வாய் இருந்தது. மாடும் ஆடும் காக்கையும் பேசிய காலம் அது. காய்கறி மட்டும் சும்மா இருக்குமா? ஆனால் காக்கை ஊர் முழுக்கப் பேசும். காய்கறி அப்படியில்லை. விதை ஊன்றி, தண்ணீர் விட்டு, பூச்சி பொறுக்கியவர்களிடம் மட்டும்தான் பேசும். அவர்களை ‘எய்யா’ என்றும் ‘எம்மா’ என்றும் கூப்பிடும். முகம் தெரியாதவர்கள் வந்து நின்றால் அதற்குக் கூச்சம் வந்துவிடும். இலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வாயே திறக்காது.

இதில் மனிதர்களுக்கு ஒரு பெரிய சங்கடம் இருந்தது. “எய்யா, ராத்திரிப் பனி தாங்க முடியல” என்று காலையில் சொல்லும் காயை எந்த மனசோடு பறிப்பது? பறித்தாலும், அரிவாள்மணையில் வைக்கும்போது “எம்மா, என்ன செய்யப் போற?” என்று கேட்டால் எந்தக் கை நறுக்கும்? ஒருவராலும் முடியவில்லை. அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஓர் ஊர், அந்தப் பக்கம் ஓர் ஊர். வாரத்தில் ஒருநாள் இக்கரைக்காரர்கள் தோணியில் போய் அக்கரைத் தோட்டங்களில் பறித்துக்கொள்வார்கள். அக்கரைக்காரர்கள் இங்கே வந்து பறித்துக்கொள்வார்கள். வளர்த்தவர்கள் அந்த நேரத்தில் தோட்டத்துப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள்.

பறிக்க வருகிறவர்களுக்கு அது யார் வீட்டுப் பிள்ளையோ. பிஞ்சும் முற்றலும் பாராமல் பிடுங்குவார்கள். அவசரத்தில் கிளையும் கையோடு வரும். தோணியில் வெயில் காய்ந்து, கரை சேர்ந்து, வீடு வந்து சேர்வதற்குள் கீரை துவண்டிருக்கும், வெண்டைக்காய் கயிறாகியிருக்கும். அதைத்தான் எல்லாரும் சமைத்துச் சாப்பிட்டார்கள். காய்கறி என்றால் ருசி இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இக்கரையில் சொரிமுத்து என்று ஒருவன் இருந்தான். அவன் பெண்டாட்டி ஆவுடை. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். சொரிமுத்து அதிகம் பேசமாட்டான். ஊரில் யாராவது அவனிடம் வழி கேட்டால் கையைத்தான் காட்டுவான். அவனுக்கும் சேர்த்து ஆவுடை பேசினாள். விடியும்போது அவன் கிணற்றில் நீர் இறைப்பான். அவள் வாய்க்காலோடு நடந்து பாத்தி பாத்தியாகத் தண்ணீர் திருப்புவாள். திருப்பும்போதே ஒவ்வொரு செடியிடமும் பேச்சுக் கொடுப்பாள். எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருந்தாள். கத்தரிக்குக் கருப்பி. பந்தலில் தொங்கும் பீர்க்குக்கு நெட்டையன். வெண்டைச் செடியில் கடைசியாகக் காய்த்த விரல் நீளக் காய்க்குப் பொடிசு. அதே செடியில் அடிக்கணுவில் ஒரு காய் இருந்தது. பறிக்க வருகிறவர்கள் கண்ணில் படாமல் அதை அவள் வாரா வாரம் பழந்துணி சுற்றி மறைத்தே காப்பாற்றிவிட்டாள். அதற்குப் பெரியவன் என்று பெயர்.

“எம்மா, எய்யா ஏன் பேச மாட்டேங்காரு?” என்று பொடிசு ஒருநாள் கேட்டது.

“அவருக்கு வர்ற பேச்சையும் நானே எடுத்துக்கிட்டேன்ல. அப்புறம் எங்க இருந்து பேசுவாரு?” என்றாள் ஆவுடை.

கிணற்றடியில் நின்ற சொரிமுத்து அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டான். அவள் குரல் வாய்க்காலோடு தூரமாகப் போய்த் திரும்பி வருவதைக் கேட்டுக்கொண்டே நீர் இறைப்பதுதான் அவனுக்கு நாளின் நல்ல பொழுது.

அந்த வருஷம் ஐப்பசி மழை வெளுத்து வாங்கியது. ஆற்றில் வெள்ளம் கரைபுரண்டது. தோணியை மரத்தில் கட்டிப் போட்டுவிட்டார்கள். அக்கரையிலிருந்து ஒரு கீரைத்தண்டு வர வழியில்லை. ஊரே கஞ்சியும் உப்பும் கொள்ளுத் துவையலுமாக நாளைத் தள்ளியது. அந்த மழையில்தான் ஆவுடை காய்ச்சலில் விழுந்தாள்.

காய்ச்சல் அனலாகக் கொதித்துவிட்டு ஒருவழியாக விட்டது. ஆனால் நாக்கு செத்துப்போய்விட்டது. கஞ்சியை வாயில் விட்டால் துப்பினாள். துவையலை நாக்கில் தடவினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாளாக நாளாகக் கன்னம் ஒட்டிப்போனது. அதைவிட, அவள் பேச்சு நின்றுபோனது. கூப்பிட்டால் கண்ணைத் திறப்பாள், அவ்வளவுதான். அந்த வீட்டில் மழைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சொரிமுத்துவுக்கு அது தாங்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பிச்சம்மைச் சித்தி வந்து ஆவுடையின் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

“சூடு இல்லய்யா. மருந்து செய்ய வேண்டியதைச் செஞ்சிட்டுது. இனிமே ஒரு வாய் ருசியா உள்ள போனா எந்திரிச்சிருவா. போகலைன்னா…” என்று சொல்லிவிட்டு, மிச்சத்தைச் சொல்லாமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். “காய்கறி ஏதாச்சும் கிடைச்சாத் தேவலை.”

“ஆத்துல வெள்ளம் சித்தி.”

“அது எனக்குத் தெரியாதா? நான் சொல்லுறது உன் தோட்டத்தை.”

சொரிமுத்து அவளை ஏறிட்டுப் பார்த்தான். அவள் குனிந்துகொண்டாள். அந்த ஊரில் யாரும் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது.

மறுநாள் காலை மழை கொஞ்சம் வெறித்திருந்தது. சொரிமுத்து ஓலைப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனான்.

“எய்யா வாராரு, எய்யா வாராரு!” என்று செடியெல்லாம் கூவின. “எம்மா எங்கே?”

கருப்பிதான் முதலில் பார்த்தது. “கையில என்னது எய்யா, பெட்டி?”

“சும்மாதான்.”

“சும்மா யாராவது பெட்டியைத் தூக்கிட்டு வருவாங்களா?”

மேலே பந்தலிலிருந்து நெட்டையன் சொன்னது: “எய்யாவுக்குப் பொய் சொல்ல வராது. எம்மாவா இருந்தா இந்நேரம் நாலு பொய்யை எடுத்துவிட்டு நம்மளச் சிரிக்க வச்சிருப்பா.”

சொரிமுத்து ஈர வரப்பில் உட்கார்ந்தான். சுற்றி வளைக்கத் தெரியாதவன். உள்ளதைச் சொன்னான். ஆவுடை சாப்பிடாததைச் சொன்னான், பேசாததைச் சொன்னான். பெட்டி எதற்கு என்பதை மட்டும் சொல்ல முடியவில்லை. அதை அவை தாமாகவே புரிந்துகொண்டன.

கருப்பிதான் மெல்ல ஆரம்பித்தது. “நான் வரலாம்தான். எம்மாவுக்கு இல்லாததா? ஆனா காய்ச்சலடிச்ச உடம்புக்குக் கத்தரிக்காய் ஆகாதே எய்யா. உடம்பெல்லாம் அரிக்குமே.”

“ஆமா ஆமா. நானும் பாருங்க, குளிர்ச்சி. மழை நேரத்துல என்னைக் கொடுத்தா சளி கட்டிரும்,” என்றது நெட்டையன்.

இரண்டும் சொன்னது உண்மைதான். ஆனாலும் சொல்லிவிட்டு இரண்டும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“எம்மா கடைசியா என்ன சாப்பிட்டா?” என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. பொடிசு.

“நேத்து ஒரு மடக்குக் கஞ்சி. அதையும் துப்பிட்டா.”

“அப்ப என்னைப் பறிங்க.”

சொரிமுத்து எழுந்து கையை நீட்டினான். “எய்யா” என்றது பொடிசு, தைரியம் சொல்வது மாதிரி. அந்த ஒரு சொல்லில் அவன் கை தானாக இறங்கிவிட்டது. திரும்ப நீட்டினான். திரும்பவும் இறங்கியது.

“நான் வாயைத் திறந்து வச்சிருக்கிற வரைக்கும் உங்களால முடியாது. என் நுனி இருக்குல்ல, அங்கதான் எனக்கு நாக்கு. முதல்ல அதை ஒடிங்க. அப்புறம் பறிக்கிறது சுலபம்.”

“வலிக்குமா?”

“வலிச்சா சொல்லவா முடியும்?” என்று சிரித்தது பொடிசு.

சொரிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. “அப்புறம் நீ பேசவே மாட்டியே” என்றான்.

“நான் பேசாட்டா என்ன எய்யா? எம்மா பேசணுமில்ல?”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். கட்டைவிரலால் நுனியை அழுத்தினான்.

படக்.

எவ்வளவு சின்னச் சத்தம்! ஆனால் தோட்டம் முழுக்கக் கேட்டது. சொரிமுத்து கண்ணைத் திறந்து காத்திருந்தான். பொடிசு ஒன்றும் சொல்லவில்லை. பச்சைப்பசேலென்று, மேலெல்லாம் மழைத்துளியோடு அப்படியே இருந்தது. ஒடிந்த இடத்தில் ஒரு பசை கசிந்தது. அவன் காம்பைக் கிள்ளி அதைப் பெட்டியில் வைத்தான்.

பொடிசு போன பிறகு அக்கம்பக்கத்து வெண்டைகள் ஒன்றுக்கொன்று கிசுகிசுத்துக்கொண்டன. “ஒத்தையாப் போனா கறிக்குக் காணாது. எங்களையும் எடுத்துக்கோங்க” என்றன. படக், படக் என்று அவன் ஒடித்துக்கொண்டே வந்தான். அடிக்கணுவில் பெரியவனிடம் வந்தபோது அவன் எவ்வளவு அழுத்தியும் நுனி ஒடியவில்லை. நாராக வளைந்து கொடுத்தது.

“நான் முத்திட்டேன் எய்யா. என்னைச் சமைச்சா மாடுகூடத் திங்காது. வயிறு நிறைய விதை இருக்கு. என்னை விடுங்க. காய்ஞ்ச பிறகு எடுத்து வச்சு, அடுத்த மழைக்கு ஊன்றுங்க. பொடிசு திரும்ப வரணுமில்ல?” பெரியவன் இன்னொன்றும் சொன்னது: “இனிமே நாங்க யாரும் பேசல. பேசினா உங்க கை நடுங்கும். பிள்ளைன்னு விட்டுட்டு நீங்க பட்டினி கிடப்பீங்க. எங்க கிட்ட கேக்கணும்னா நுனியத் தொட்டுக் கேளுங்க. ஒடிஞ்சா எடுத்துக்கோங்கன்னு அர்த்தம். வளைஞ்சா விட்டுருங்கன்னு அர்த்தம். அது போதும்.”

அதுதான் அந்தத் தோட்டத்தில் கேட்ட கடைசிப் பேச்சு. நெட்டையன் வாயை மூடிக்கொண்டது. கருப்பி வெட்கத்தில் தலையைத் தொங்கப்போட்டது. அது இன்றைக்கும் நிமிரவில்லை.

சொரிமுத்து வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினான். ஈர விறகு புகைந்து கண்ணைக் கரித்தது. சமையல் அவனுக்குப் பழக்கமில்லை. வெண்டைக்காயை நறுக்கிவிட்டு, பிறகு ஞாபகம் வந்து, சட்டித் தண்ணீரில் போட்டு அலசினான். கையெல்லாம் கோழை கோழையாக வந்தது.

எட்டிப் பார்த்த பிச்சம்மைச் சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். “நறுக்கிட்டா கழுவுவாங்க? கழுவித் துடைச்சிட்டில்லய்யா நறுக்கணும்! தள்ளு அந்தாண்டை.”

“வேண்டாம் சித்தி. நானே செய்யுதேன்.”

அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு வழி மட்டும் சொன்னாள். நல்லெண்ணெயில் கோழை போக வதக்கினான். உரித்த சின்ன உள்ளியும் பூண்டும் போட்டான். புளியைக் கரைத்துவிட்டு, மிளகைத் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டான். சுண்டச் சுண்ட வாசம் கிளம்பியது. பறித்த ஈரம் காயாத காய் அப்படி ஒரு வாசம் வீசும் என்று அதுவரை உலகத்தில் யாருக்கும் தெரியாது. சித்திகூட எச்சில் விழுங்கினாள்.

உள்ளே கயிற்றுக்கட்டிலில் ஆவுடை கண்ணைத் திறந்தாள். “என்ன வாசம் அது?”

எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த பேச்சு. சொரிமுத்து குழையப் பிசைந்த சோற்றில் குழம்பையும் ஒரு காயையும் வைத்து ஊட்டினான். அவள் மெல்ல மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். பிறகு நின்றுவிட்டாள்.

“இது அக்கரைக் காய் இல்ல.”

அவன் அடுத்த கவளத்தை உருட்டினான்.

“பொடிசா?”

அவன் தலையை மட்டும் அசைத்தான். அவள் வாயில் சோறு அப்படியே இருந்தது. கண்ணிலிருந்து நீர் இறங்கி வாயோரம் வந்தது. துப்பிவிடப் போகிறாள் என்று அவன் பயந்தான். துப்பினால் பொடிசு போனதும் வீண், இவளும் போய்விடுவாள். வாசற்படியில் சித்தி எழுந்து நின்றுவிட்டாள்.

ஆவுடை விழுங்கினாள்.

தப்புச் செய்தவள் மாதிரி தணிந்த குரலில் சொன்னாள்: “ரொம்ப ருசியா இருக்குங்க.” அப்புறம், “இன்னும் ஒரு கை போடுங்க.”

அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை சொரிமுத்து பக்கத்திலேயே இருந்தான். “என்ன சொல்லிச்சு அது?” என்று கேட்டாள். ஊரில் ஒருவரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாதவன், கருப்பி சொன்னது, நெட்டையன் சொன்னது, பெரியவன் சொன்னது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னான். “வலிச்சா சொல்லவா முடியும்?” என்று பொடிசு கேட்டதைச் சொன்னபோது ஆவுடைக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. “திமிரைப் பாருங்க. எல்லாம் நான் கொடுத்த இடம்” என்றாள்.

உடம்பு தேறியதும் அவள் தோட்டத்துக்குப் போனாள். “கருப்பி” என்றாள். பதில் இல்லை. “ஏலே நெட்டையா.” காற்றில் பந்தல் மட்டும் ஆடியது. வெண்டைச் செடியருகே போய் வெகுநேரம் நின்றாள். புதிதாக ஒரு பிஞ்சு விட்டிருந்தது. அதன் நுனியில் விரலை வைத்து, “வாறியா?” என்று கேட்டுக்கொண்டே மெல்ல அழுத்தினாள்.

படக்.

“சரி, வா” என்றாள் ஆவுடை. பிறகு, யாரும் பதில் சொல்லாவிட்டாலும், பாத்தி பாத்தியாகப் பேசிக்கொண்டே தண்ணீர் திருப்பினாள். சொரிமுத்து கிணற்றடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

வெள்ளம் வடிந்து தோணி ஓடத் தொடங்கியதும் அக்கரைக்காரர்கள் வந்தார்கள். ஆவுடை அவர்களைத் தோட்டத்துக்கு அனுப்பவில்லை; உட்காரவைத்து இலை போட்டு, வெண்டைக்காய்க் குழம்பு ஊற்றி, நடந்ததைச் சொன்னாள். அவர்கள் சாப்பிட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊருக்குப் போய்த் தங்கள் தோட்டத்தில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அங்கேயும் பேச்சு நின்றுபோயிருந்தது. நுனி மட்டும் ஒடிந்தது. அதற்கப்புறம் அந்தத் தோணியில் காய் ஏறவில்லை என்று சொல்ல முடியாது, ஏறியது. ஆனால் தின்றது போக மிஞ்சியதை, சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிட ஏறியது.

அன்று முதல்தான் வெண்டைக்காயைக் கையில் எடுத்தால் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். சந்தையில் கடைக்காரர், “எல்லாத்தையும் ஒடிச்சுப் போட்டா மிச்சத்தை யாரு வாங்குவா?” என்று சத்தம் போட்டாலும் விரல் கேட்பதில்லை. ஒடிந்தால் குழம்புக்கு, வளைந்தால் விதைக்கு. அன்று முதல்தான், தோட்டம் வைத்திருப்பவர்கள் பதில் வராது என்று தெரிந்தும் செடிகளோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். பறிக்கும்போது அந்தச் சின்னச் சத்தத்துக்காக ஒரு கணம் பேச்சை நிறுத்திக் கேட்கிறார்கள்.