பக்கமில்லாத துணி

“இரண்டும் ஒன்று என்று எழுதினாலும் அடிக்கிறீர்கள், வேறு என்றாலும் அடிக்கிறீர்கள். பின்னே வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளவா ஏழு வருஷம் படித்தேன்?”

தணிகாசலம் இதை மூன்றாம் முறையாகச் சொன்னார். முதல் இரண்டு முறைக்குக் கிடைத்த பதில்தான் இதற்கும். பேராசிரியை ஆக்னஸ் தலையைத் தூக்காமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். மேஜைமேல் அவருடைய குர்தா, கைகள் இல்லாமல் கிடந்தது. பண்டிகை நெருக்கடியில் டெய்லர் வெட்டியதோடு கைவிட்ட துணி.

சிஷ்யருக்கு ஐம்பத்திரண்டு வயது. குருவுக்கு முப்பத்தெட்டு. அவர் இவரை மேடம் என்பார், இவர் அவரை சார் என்பார். மரியாதைக்குக் குறைச்சலில்லை, நிம்மதிக்குத்தான் குறைச்சல். படிப்புக்கு எடுத்த லீவு முடிகிறது, திங்கட்கிழமை கரூர் கல்லூரியில் போய் நிற்காவிட்டால் தணிகாசலத்துக்கு வாத்தியார் வேலை போய்விடும். வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஏழு வருஷமும் போய்விடும். இன்று புதன்.

அப்படி என்ன படிப்பு என்று வீட்டம்மா ஒருநாள் கேட்டாள். நீள அகலத்தை மதிக்காமல், எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று மட்டும் பார்க்கும் குவாண்டம் கோட்பாடு என்றார். உருவத்தைத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் கணக்குப் போட்டு, திரும்ப ஒட்டினால் முழு விடை வரவேண்டும். அதற்குப் புள்ளிகள் வேண்டும், புள்ளிகளுக்கு நடுவே அம்புகள், அம்புகளுக்கு நடுவே அம்புகள், அவற்றுக்கும் நடுவே அம்புகள். ஹையர் கேட்டகரி என்று பெயர். அதைச் சரியாக வரையறுப்பதில்தான் ஆளுக்கு ஆள் தகராறு.

“வெட்டி ஒட்டவா ஏழு வருஷம்?” என்றாள் அவள். அன்று அவர் சாப்பிடவில்லை.

அவர் ஒரு வரையறை செய்தார். அதே நேரம் எங்கோ நாலு பேர் சேர்ந்து இன்னொன்று செய்துவிட்டார்கள். ராத்தூக்கம் கெட்டு இரண்டையும் பொருத்திப் பார்த்தார். பொருந்தியது. ‘இரு வரையறைகளும் ஒன்றே’ என்று நான்காம் அத்தியாயத்தில் ஒரு வரி எழுதி, அந்த நாலு பேரின் தேற்றங்களை ஐந்தாம் அத்தியாயத்துக்கு வாரிக்கொண்டார். அங்கே ஒரே ஒரு உறுத்தல். சோதனைக்கு ஒரு கயிற்று முடிச்சை எடுத்துக் கணக்குப் போட்டால், வலப்பக்கம் முறுக்கிய முடிச்சுக்கு, இடப்பக்கம் முறுக்கியதன் விடை வந்தது. எங்கோ கூட்டல் கழித்தலில் சறுக்கல் என்று அடிக்குறிப்பு போட்டு மூடிவிட்டார்.

அந்த ஒரு வரியைத்தான் ஆக்னஸ் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் ‘எப்படி?’ என்று எழுதியிருந்தார்.

“அப்போ இரண்டும் வேறு என்கிறீர்களா?” என்றார் தணிகாசலம்.

“நான் எங்கே சொன்னேன்?”

“ஒன்று என்று ஒத்துக்கொள்ளுங்களேன்.”

“ஊசி பிடிப்பீர்களா சார்?”

“பட்டன் தைப்பேன்.”

“போதும். குர்தாவின் இடது தோளில் கையை ஒட்டுங்கள். சும்மா பெரிய தையலாக ஓட்டினால் போதும்.”

வெட்டிய இரண்டு கைத்துண்டுகளையும் நீட்டினார். கைத்தறித் துணி. உள்பக்கம் வெளிப்பக்கம் ஒரே மாதிரி. தணிகாசலம் ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தார். நூல் பிசகவில்லை.

“இதில் எது இடது?”

“இரண்டும் ஒன்றுதானே?”

குத்தல் புரிந்தது. வீம்புக்கு மேலே இருந்ததை எடுத்து ஓட்டினார். பத்து நிமிஷம், விரலில் இரண்டு குத்து. ஆக்னஸ் அதை வாங்கி நாற்காலி முதுகில் மாட்டினார். தோளின் முன்பக்கம் சுருங்கி, பின்பக்கம் உப்பி, கை பின்னால் திரும்பிக்கொண்டது. நாற்காலி முதுகு சொறிவது போலிருந்தது.

“வலது கையை வைத்துவிட்டேன்,” என்றார் தணிகாசலம். “அந்த இன்னொன்றைக் கொடுங்கள்.”

“எதற்கு? இதையே பிரியுங்கள்.”

பிரித்தார்.

“புரட்டுங்கள்.”

புரட்டி ஓட்டினார். அதே கை, அதே தோள். இப்போது ஒழுங்காகத் தொங்கியது.

தணிகாசலம் கொஞ்ச நேரம் நாற்காலியைப் பார்த்தார். பிறகு ஆய்வேட்டை இழுத்து நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்தார். வலது முடிச்சு. இடது விடை. அடிக்குறிப்பு.

“மூன்று அடுக்கு அம்புகள்,” என்றார் மெதுவாக. “ஒவ்வொரு அடுக்கிலும் அம்பைத் திருப்பியும் பொருத்தலாம், திருப்பாமலும் பொருத்தலாம். மொத்தம் எட்டு வழி.”

“எட்டும் சரியான வழிதான் சார். எந்த வழியில் பொருத்தினாலும் உங்கள் வரையறையும் அவர்கள் வரையறையும் ஒன்றுதான்.”

“அப்போ முடிச்சு இடம் வலம் மாறியது கணக்குச் சறுக்கல் இல்லை. நான் எட்டில் எதை எடுத்தேன்?”

“என்னைக் கேட்டால்?”

அவர் அடிக்குறிப்பை விரலால் மறைத்தார். மறைத்த விரலில் ஊசி குத்திய இடம் சிவந்திருந்தது.

“வெள்ளிக்கிழமை கொடுத்துவிடலாமா மேடம்?”

ஆக்னஸ் கரும்பலகைக்குக் கீழிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்து, மிச்சமிருந்த கைத்துணியின்மேல் வைத்து அவர் பக்கம் தள்ளினார்.

“இந்தக் கையையும் ஒட்டிக் கொடுங்கள் சார். ஒட்டுவதற்கு முன்னால், எந்தப் பக்கம் மேலே என்று ஒரு கோடு போட்டுக் காட்டுங்கள்.”