தண்ணி வேகத்துக்குச் சுத்தின சக்கரம்

நீலகிரி மலையில ஒரு ஊர்ல மாதின்னு ஒருத்தி இருந்தா. அவ புருஷன் பெள்ளன், தச்சு வேலை செய்றவன். மாதிக்கு மசக்கை. கஞ்சி குடிச்சா உவ்வே, களி தின்னா உவ்வே. மூணு மாசத்துல துரும்பா இளைச்சுட்டா. ட்ரவுட் மீன் மட்டும் வயித்துல தங்கும்னு அவளுக்குத் தோணுச்சு. ம் சொல்லு.

அப்புறம் பெள்ளன் தூண்டிலோட ஆத்துக்குப் போனான். இவளும் கூடப்போயி பாறையில உக்காந்தா. ட்ரவுட்டு ஓடுற தண்ணியிலதான் நிக்கும், மேலெல்லாம் புள்ளி, வாலு மட்டும் ஆடும். பெள்ளன் தூண்டில் முள்ளுல புழுவக் கோத்து, நூலை இறுக்கிப் பிடிச்சுத் தக்கையை மிதக்க விட்டான். மீன் புழுகிட்ட வந்துச்சு, பாத்துச்சு, விசுக்குனு திரும்பிடுச்சு.

மறுநாள் நூலைத் தொளதொளன்னு விட்டான். மீன் கவ்வுச்சு. இவன் இழுக்குறதுக்குள்ள துப்பிட்டுப் போயிடுச்சு.

அவனுக்குக் கோவம். மாதிக்கோ, முத நாள் அது ஏன் திரும்புச்சுன்னு ஒரே யோசனை. அதே மாதிரி இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, தக்கை பக்கத்துல ஒரு இலையப் போட்டா. இலை சர்ருனு முன்னால போச்சு. தக்கை தயங்கித் தயங்கிப் பின்னால வந்துச்சு.

"ஏங்க, இந்தப் புழுவ யாரோ பிடிச்சு வச்சிருக்காங்கன்னு மீனுக்குத் தெரியுது. தண்ணி எவ்வளவு கேக்குதோ அவ்வளவு நூலு தானா போகணும்" அப்படின்னா.

அப்போ பெள்ளன் மரத்துல ஒரு சக்கரம் கடைஞ்சான். நடுவுல ஒரே ஒரு கம்பி, ரெண்டு சொட்டு எண்ணெய். ஊதினாலே சுத்தும். அதுல நூலைச் சுத்தித் தூண்டில்ல மாட்டிக் குடுத்தான்.

மூணாம் நாள் மாதியே பிடிச்சா. ஆறு இழுக்க இழுக்க சக்கரம் கிர்ர்... கிர்ர்... தக்கையும் நுரையும் ஜோடியாப் போச்சு. ம்?

டுபுக்! தக்கையக் காணோம். வெடுக்குனு தூண்டிலைத் தூக்கினா, முள்ளு மாட்டிடுச்சு. மீன் பிச்சுக்கிட்டு ஓடுச்சு, சக்கரம் விர்ர்ருனு சுத்துச்சு. நிறுத்த ஒரு பிடியும் கிடையாது. நூலு தீரப்போகுது, விட்டுடுன்னு பெள்ளன் பதறினான். அவ விடல. உள்ளங்கைய சக்கரத்து ஓரத்துல மெதுவா வச்சா. கை சுட்டுச்சு. இன்னும் கொஞ்சம் அழுத்தினா. விர்ர்... கிர்ர்... நின்னுடுச்சு. சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிச் சுத்தினா, மீனும் கரைக்கு வந்துடுச்சு.

அங்கேயே சுட்டு, உப்பு தொட்டு, முள்ளு மட்டும் மிச்சம் வச்சுத் தின்னா. அப்புறம் ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாங்க, எப்ப வாந்தி வருமோன்னு. வெயில் பாறைய விட்டு இறங்கிப் போச்சு. வரல.

மாதி மெதுவாக் கேட்டா: "இன்னொண்ணு பிடிக்கலாமா?"

மீன் வயித்துக்குப் போச்சு, கதை ஆத்தோட போச்சு. கண்ண மூடிக்கோ.