முதுகு காட்டாத பேச்சி

பொய் சொல்வதற்கும் ஓர் இடம் இருக்கிறது. டிக்கெட் வாங்கி வந்து உட்காருகிறவனிடம் சொல்லலாம். மல்யுத்தக்காரிகள் உடை மாற்றும் கொட்டகைக்குள் வந்து, எங்களிடமே சொன்னாள் இடி பேச்சி.

மதுரைப் பொருட்காட்சியில் அன்று சாயங்காலம் பெண்கள் சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டம். எங்கள் தொழிலில் யாருக்கு பெல்ட் என்பது மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடிவாகிவிடும். அன்றைக்கு எனக்கு. என்னோடு மோத வேண்டிய சேலத்துக்காரி இன்னும் வந்து சேரவில்லை. அந்த இடம் எப்படியாவது தனக்குக் கிடைக்காதா என்றுதான் பேச்சி காலையிலிருந்தே பழியாய்க் கிடந்தாள். மூன்று வருஷமாக அவளை யாரும் மேடையேற்றவில்லை. கேட்பதை நேராகக் கேட்டுத் தொலைக்கலாம். அது அவள் ரத்தத்திலேயே இல்லை.

"என் முதுகு எந்த ஊர்த் தரையையும் பார்த்ததில்லடி" என்று ஆரம்பித்தாள். "கோலாப்பூர்ல ஒரு பஞ்சாப்காரி, ஆறரை அடி. ஒத்தக் கையில தூக்கிட்டேன். இன்னொரு கையில டீ. ஒரு சொட்டு சிந்தல."

"சூடா இருந்துச்சாக்கா?" என்றாள் முழங்காலுக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்த ஜெபா.

"ஆறிப்போச்சு. அவ்வளவு நேரம் தூக்கி வச்சிருந்தேன்ல."

நாங்கள் சிரித்ததை அவள் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

"கொழும்புல நடந்ததக் கேளு. எதிராளிய மேல விட்டெறிஞ்சேன். எனக்கு பெல்ட்டக் கட்டி, மாலை போட்டு, பிரியாணியும் போட்டாச்சு. கை கழுவிட்டு வாரேன், அப்பத்தான் அவ கீழ வந்து விழுறா."

"தரையில கிடந்தாத்தானக்கா நடுவர் மூணு எண்ணுவாரு? ஆளே இல்லாம எப்படி பெல்ட் குடுத்தாங்க?" என்றாள் ஜெபா.

"அண்ணாந்து பார்த்து எண்ணினாருடி, கூறுகெட்டவளே!"

ஜப்பானில் முப்பது பேர் ஒரே நேரத்தில் மேலே பாய்ந்தார்களாம். இவள் தும்மினாளாம். இருபத்தொன்பது பேர் காலி. மிச்சம் ஒருத்திக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று பாவம் பார்த்து விட்டுவிட்டாளாம்.

"அந்த பெல்ட்ல ஒண்ணையாச்சும் கொண்டாந்து காட்டலாம்ல?" என்றேன் நான்.

"எப்படிடி கொண்டாருவேன்? எல்லாத்தையும் மாட்டிவச்சு வீட்டுச் செவரே சாஞ்சுபோச்சு. உங்க பெல்ட்டெல்லாம் பெல்ட்டா? பாவாடை நாடா."

அதற்குள் மல்யுத்தக் குழு நடத்துகிற சவரிமுத்து அண்ணன் உள்ளே வந்தார். "சேலத்துக்காரிக்கு மஞ்சக்காமாலையாம். பேச்சி, நீ என்ன செய்ற?"

பேச்சி துள்ளி எழுந்தாள். "பெல்ட்டு இடுப்புக்குப் பத்துமாண்ணே?"

"பெல்ட்டு இவளுக்கு" என்று என்னைக் காட்டினார். "எட்டாவது நிமிஷம் விழுறதுக்குத்தான் ஆள் தேடுறேன். நீ விழுந்ததே கெடையாதாமே? நீ பேசுனது வாசல் வரைக்கும் கேட்டுச்சு. விழத் தெரியாதவள மேடையேத்தி ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா? நான் வேற ஆளப் பார்த்துக்கிறேன்."

அவர் திரும்பி நடந்தார். பேச்சியின் முகம் செத்துப்போனது. எனக்கே பாவமாக இருந்தது. அதெல்லாம் ஒரு மூச்சு நேரம்தான்.

"அண்ணே, நில்லுங்க!" என்று கத்தினாள். "ஹூப்ளியில ஒரே ஆட்டத்துல பதினேழு வாட்டி விழுந்தவண்ணே நான்! அடி விழுறதுக்கு முன்னாடியே விழுந்துருவேன்! பெல்லாரியில எதிராளி வரவே இல்ல. தனியா நின்னு, ஒருத்தர் கை படாம தோத்தேன்!"

சவரிமுத்து அண்ணன் என்னைப் பார்த்தார்.

"இவங்களையே போடுங்கண்ணே" என்றேன். "காலையில இருந்து இந்த அக்கா சொன்னதுல இது ஒண்ணைத்தான் நான் அப்படியே நம்புறேன்."